பூஜைக்கு அவிழ்த்த சிவப்புத் துணி

பாலக்கரை, திருச்சி
சனிக்கிழமை

அன்பு மகன் இம்தியாஸுக்கு, உன் அத்தா நசுருதீன் வாயால் சொல்லி, இன்னொருவர் கையால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் உன் அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் என் ஸலாத்தைச் சொல்லு. இங்கே நானும் ருக்ஸாரும் உன் மகள் இக்ராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீ சுகமா இல்லையா என்பதுதான் உன் குரலை வைத்து எங்களுக்குப் பிடிபடவில்லை.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும், “வேலையா இருக்கேன் அத்தா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. எதிர்வீட்டு ஹாலித் லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு, எழுந்து போக விடாதே என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதுவது ருக்ஸார் இல்லை. ஜெராக்ஸ் கடை ஜேக்கப். ருக்ஸாருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் அவன் கடைக்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜேக்கப் நல்லவன்தான். ஆனால் நான் ஒன்று சொன்னால் அவன் அதற்குப் பூ வைத்து எழுதப் பார்க்கிறான். “பாய், ஆரம்பத்துல ‘என் கண்ணின் மணியே’ன்னு போடட்டுமா? நல்லா இருக்கும்” என்றான். “கல்யாணமாகி பிள்ளை பெத்தவன்டா அவன், கண்ணுமில்ல மணியுமில்ல, சொன்னதைப் போடு” என்றேன். சிரித்துக்கொண்டே எழுதுகிறான்.

முதலில் வீட்டுச் செய்தி. இக்ராவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “நான் தாத்தா மாதிரி ஆயிட்டேன்” என்று ஒரு மூச்சு அழுதாள். எனக்கு மட்டும் சந்தோஷமா என்ன என்று கேட்டேன், சிரித்துவிட்டாள். ருக்ஸார் பெரிய கடைவீதியில் ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். நான் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன். கூட்டிப் போகிறார்கள், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள், தம் போடுகிற நேரத்தில் மட்டும் “வாங்க பாய்” என்கிறார்கள். உன் அம்மா சாரா பீவி இறந்த நாள் அடுத்த மாதம் வருகிறது, வருஷ பாத்திஹா ஓத வேண்டும். நீ இல்லாமல் ஓதுவது இதுதான் முதல் தடவை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பைலட் ரெங்கராஜைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ ஊரில் இருந்தவரை என்னைப் போக விடவில்லை. “விசாரணை நடக்குது அத்தா, இப்ப நாம போய் நிக்கக் கூடாது” என்றாய். நீ படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஆனால் உன் முதலாளியின் விமானத்தை ஓட்டி, கொள்ளிடத்து மணலில் விழுந்து, முதுகும் காலும் ஒடிந்து புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒருவர் கிடக்கிறார். நீ வேலை பார்த்த ஷெட்டில் இருந்துதான் அந்த விமானம் கிளம்பியது. உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தால், “வீட்டுக்காரி சமையலா, நசுருதீன் பாய் சமையலா?” என்று என்னைத் தெரியாமலேயே கேலி பேசியவர் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அப்படிப்பட்டவரைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எலும்பு ஒடிந்தவருக்கு வேறு எதைக் கொண்டுபோவது? ஆட்டுக்கால் வாங்கி, மிளகு தட்டிப் போட்டு, சூப் வைத்து தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சம்சாரம் பானுப்ரியா மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஐயோ பெரியவரே, நாங்க ஸ்ரீரங்கம். முட்டைகூட வீட்டுக்குள்ள வராதுங்க” என்றாள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. கட்டிலில் இருந்து ரெங்கராஜ், “பானு, குடிக்கத்தான் கூடாது. மூடியைத் திறந்து இந்தப் பக்கம் ஒரு தடவை காட்டு. வாசனைக்குப் பாவம் கிடையாது” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் அவருக்கு முதுகு வலித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சூப்பை வார்டு பையன் குடித்தான்.

பிறகு அவராகவே பேசினார். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்கு ஒரு சுற்று எடுத்துவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இவர் தனியாகத்தான் ஏறியிருக்கிறார். “ராஜகோபுரம் எனக்கு இடது கைப் பக்கம் தெரிஞ்சுது பாய். என் வீட்டு மாடியைத் தேடிக்கிட்டிருந்தேன். அப்பதான் இன்ஜின் ரெண்டு தடவ இருமுச்சு. அப்புறம் நின்னு போச்சு” என்றார். ஊருக்குள் இறங்கக் கூடாது என்று கொள்ளிடத்து மணலைப் பார்த்து இறக்கியிருக்கிறார். தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மணல் நன்றாக நீளமாக இருந்தது. நேராக இறங்கியிருந்தால் ஒரு கீறல் இல்லாமல் இறங்கியிருப்பாராம். எதிரே துணி துவைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருக்கிறாள். அவளுக்காகத் திருப்பினார். சக்கரம் மேட்டில் இடித்துக் கவிழ்ந்தது.

அந்தப் பெண்ணும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அமிர்தம் என்று பெயர். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சீப்புப் பழத்தோடு வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறாளாம். “சத்தமே இல்லாம வந்துச்சுங்க. பருந்துன்னு நெனச்சு நிமிந்து பாக்குறேன், வயித்துல எழுத்து எழுதியிருக்கு!” என்று என்னிடமும் சொன்னாள். வருகிறவர் எல்லாரிடமும் சொல்கிறாள் போலிருக்கிறது. ரெங்கராஜ் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறார்.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி. இன்ஜின் நின்றதற்கு ரெங்கராஜ்தான் காரணம், பெட்ரோல் வருகிற குழாயின் திருகை அவரே தவறி மூடிவிட்டார் என்று முதலாளி பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் லைசென்ஸைப் பிடித்து வைத்துவிட்டார்கள். அதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. என்னிடம் சொன்னார்: “மொதல்ல நான் மூடலைன்னு அடிச்சுச் சொன்னேன் பாய். திரும்பத் திரும்ப அதையே கேக்குறாங்க. இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இந்தக் கைதான் மூடிருச்சோ? தலையில அடிபட்டதுல மறந்துட்டேனோ?” சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். யாரோ ஒருத்தருடைய கையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். உன்னை விசாரித்தார். “நல்ல கை அவனுக்கு. அங்க போயும் விமானத்துலதானே வேலை?” என்றார். நீ கிடங்கில் பெட்டி தூக்குகிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கிளம்பும்போது பானுப்ரியா வராந்தா வரைக்கும் கூட வந்தாள். “உங்க பையனுக்கு விசா வாங்கிக் குடுத்தது யாருங்க?” என்று கேட்டாள். முதலாளிதான் என்றேன், பெருமையாகவே சொன்னேன். “விமானம் விழுந்த கையோட, ஒரு மெக்கானிக்கை அத்தனை அவசரமா வெளிநாடு அனுப்ப முதலாளிக்கு என்னங்க தேவை?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்.  பதில் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இம்தியாஸ், எனக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. ஆனால் ஒருத்தர் என் முன்னால் பேசியது எனக்கு மறந்து போகாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் இக்ராவுக்குக் காய்ச்சல் என்று ருக்ஸார் போன் பண்ணி, நீ வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தாய். பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாய்: “பெட்ரோல் போற குழாயைக் கழட்டிட்டேன் அத்தா. புது வாஷர் நாளன்னிக்குத்தான் வரும். நட்டைச் சும்மா கையால திருகி வச்சுட்டு வந்துட்டேன். பரவாயில்ல, முன்னாடி விசிறியில செவப்புத் துணி கட்டியிருக்கேன். துணி கிடந்தா ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க.” இதுதான் நீ சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தத் துணி இருக்கும்போது விமானம் எப்படிக் கிளம்பியது? உனக்குத் தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லு. வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம், முதலில் உன் அத்தாவிடம் சொல்லு. இதை நான் இன்னும் ஒருவரிடமும் பேசவில்லை. ஜேக்கப்புக்கு மட்டும் இப்போது தெரியும். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். எழுதுப்பா என்றேன், எழுதுகிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் நெஞ்சில் இருக்கிற பாரத்தை இறக்கி வைக்க ஒரு வழி காட்டட்டும்.

உன் அத்தா,
நசுருதீன்

*

பாலக்கரை, திருச்சி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து

அன்பு மகன் இம்தியாஸுக்கு அத்தாவின் ஸலாம். ரப்பு உன்னையும் உன்னைச் சேர்ந்தவர்களையும் காப்பாற்றட்டும்.

இந்தக் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். ருக்ஸார்தான் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். ஆள் தேட வேண்டியதில்லை.

நீ என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. ஜேக்கப் கடைக்குப் போன் பண்ணி அவனைத் திட்டியிருக்கிறாய். “உங்களுக்கு எதுக்கு அண்ணே எங்க வீட்டு விவகாரம்?” என்றாயாம். பாவம், அவன் என்ன பண்ணுவான்? பிறகு ருக்ஸாரிடம், “அத்தாவை வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லு. என்னை உள்ள தூக்கிப் போட்டுட்டா நீயும் பிள்ளையும் எங்க போவீங்க?” என்றிருக்கிறாய். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, “என்ன மாமா நடந்துச்சு? எதுக்கு அவரை உள்ள போடுவாங்க?” என்று கேட்டாள். நான் சொன்னேன். கேட்டுவிட்டு மெஷினுக்கே திரும்பிப் போனாள். மறுநாளும் அப்படித்தான். சோற்றை வைப்பாள், போய்விடுவாள். நான் சொன்னதுதான் தப்போ என்று எனக்கு ஆகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் பிச்சமுத்து வீட்டுக்கு வந்தார். உங்கள் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, காவலும் இருப்பாரே, வையம்பட்டிக்காரர். வாசலில் நின்றுகொண்டு, “இம்தியாஸ் தம்பி வீடுதானே?” என்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. ருக்ஸார் டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று காலையில் விமானத்தைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டச் சொல்லியிருக்கிறார்கள். விசிறிக்கு மாலை போட வேண்டும். அங்கே உன் துணி தொங்குகிறது. “ஒரே கிரீஸும் அழுக்கும் பாய். அது மேலயே மாலை போட மனசு வரல. சாமி கும்பிடத்தானே அவுத்தேன்? தூக்கிப் போடல பாய், உங்க அல்லா மேல சத்தியமா தூக்கிப் போடல. சோப்புப் போட்டுத் தொவைச்சு, பின்னால கம்பி வேலியில காயப் போட்டேன். பூஜை முடிஞ்ச ஒடனே திரும்பக் கட்டிரணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்” என்றார். பூஜை முடிந்தது. பொரிகடலை பங்கு வைக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. பிறகு தன் வீட்டு மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைக்க வையம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் வந்தபோது ஷெட்டில் விமானம் இல்லை. துணி மட்டும் வேலியில் காய்ந்து கிடந்திருக்கிறது.

சொல்லிவிட்டு அவர் அழுதார். நம் பக்கத்தில் ஒரு ஆம்பிளை இன்னொரு வீட்டு வாசலில் நின்று அழுவது சாதாரணமில்லை. “எனக்குப் படிப்பு இல்ல பாய். செவப்புத் துணின்னா தொடக் கூடாதுன்னு தெரியும். ஆனா சாமி காரியத்துக்குக் கொஞ்ச நேரம்தானேன்னு நெனச்சுட்டேன்” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் துவைத்துத்தான் இருப்பேன்.

அவர் போனதும் ருக்ஸார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அந்த மனுஷன் கூலி வேலை பாக்குறவர் மாமா. அவரே வந்து சொல்றார்” என்றாள். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள், “அடுத்த கடுதாசியை நான் எழுதுறேன். ஜேக்கப் அண்ணன் கடைக்கு இனிமே போக வேண்டாம்” என்றாள்.

அதற்குப் பிறகு நானும் பிச்சமுத்துவும் விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். சென்னையில் இருந்து வந்திருக்கிறார், நம் தமிழ்தான். உட்காருங்க என்று சொல்லி நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். அந்த நட்டு கழன்று கிடந்ததை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். விழுந்த அதிர்ச்சியில் கழன்றது என்கிறது முதலாளி பக்கம். அந்தக் குழாயில் யாரும் வேலையே பார்க்கவில்லை, துணியும் கட்டவில்லை என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் நீ சொன்னதைச் சொன்னேன். “நீங்க பாத்தீங்களா பெரியவரே?” என்றார். நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். பிச்சமுத்து, துணியை நான்தான் அவிழ்த்தேன் என்றார். “அது எதுக்காகக் கட்டின துணின்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று அதிகாரி கேட்டார். பிச்சமுத்துவுக்குத் தெரியாது. கடைசியில், “கட்டினவர் வந்து சொல்லட்டும். வர்ற புதன்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்கப்புறம் ரிப்போர்ட் போயிரும்” என்றார்.

அவன் வந்து சொன்னால் அவனை ஜெயிலில் போடுவீர்களா என்று நான் நேராகவே கேட்டேன். “விமானம் ஏன் விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலை. ஜெயில்ல போடுறது எங்க வேலை இல்ல. ஆனா போலீஸ் என்ன செய்யும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது” என்றார். அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் உனக்குப் பொய்யாக வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலாளி கோபப்படுவார். இங்கே எந்த ஷெட்டிலும் உன்னைச் சேர்க்காமல் போகலாம். எல்லாம் எனக்குத் தெரிகிறது.

அன்றைக்கே பிச்சமுத்து ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். ரெங்கராஜிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரெங்கராஜ் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. “அப்ப நான் மூடலையா?” என்றார். “நீங்க மூடல சார்” என்றார் பிச்சமுத்து. “நான் மூடலையா பாய்?” என்று என்னைக் கேட்டார். மூடவில்லை என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. பானுப்ரியா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான் இம்தியாஸ். அதற்குள் அந்த முகம் மறுபடி வாடிவிட்டது. “என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்க” என்றார். நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன். தலையை ஆட்டினார். “இம்தியாஸ் வந்து, ‘ஆமா சார், நான் முடுக்கல’ன்னு சொல்லட்டும். அவன் சொன்னா நம்புவேன். அதுல வேலை பாத்தவன் அவன்தானே” என்றார்.

உன்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நட்டை முடுக்காதவன் என்று உன்னை அவர் திட்டியிருந்தால் நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன். “பிள்ளைக்குக் காய்ச்சல்னா யாருதான் ஓட மாட்டாங்க? துணியும் கட்டித்தானே போயிருக்கான்” என்கிறார். அந்த மனுஷன் இன்னும் நடக்கவில்லை. நடப்பாரா என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் தன்னால்தான் விழுந்தது என்கிற நினைப்போடு அவர் படுத்திருக்கக் கூடாது. அந்தப் பாரம் அவருடையது இல்லை. கொஞ்சம் உன்னுடையது, கொஞ்சம் பிச்சமுத்துவுடையது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருடையது நிறைய. பிச்சமுத்து தன் பங்கைத் தானே வந்து எடுத்துக்கொண்டார்.

விஜயதசமி அன்று காலையில் நீ ஷெட்டுக்குள் நுழைந்தபோது என்ன நினைத்தாய், யாரிடம் என்ன கேட்டாய், அவர்கள் உன்னிடம் என்ன சொன்னார்கள், விசாவை எப்படி நீட்டினார்கள் என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. என்னிடம் சொல்லு என்று போன கடிதத்தில் எழுதச் சொன்னேன். இப்போது அதுவும் வேண்டாம். கேட்க வேண்டியவர் புத்தூரில் இருக்கிறார்.

இந்த இடத்தில் ருக்ஸார் தானாக ஏதோ எழுதுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

மச்சான், நான்தான். அத்தா எங்க வேலை பாக்குறாங்கன்னு ஸ்கூல்ல கேட்டாங்களாம். விமானம் ரிப்பேர் பண்றாங்கன்னு இக்ரா சொல்லிட்டு வந்திருக்கா. நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன் பண்ணி உங்களைக் கூப்பிட்டது நான்தானே? அதை நெனச்சு எனக்குத் தூக்கம் இல்ல. நீங்களும் தூங்குறதில்லன்னு ஹாலித் அண்ணன் சொன்னாங்க. நீங்க உள்ள போனாலும் நான் பிள்ளையையும் மாமாவையும் பாத்துக்குவேன். மெஷின் இருக்கு, கை இருக்கு. ஆனா போனை எடுத்தா ரெண்டு வார்த்தையில வச்சுட்டுப் போற ஆளோட என்னால இருக்க முடியாது. வந்துருங்க.

எழுதி முடித்துவிட்டாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்க மாமா” என்கிறாள்.

இனி என்ன சொல்ல இருக்கிறது? டிக்கெட்டுக்கு முதலாளியைக் கேட்காதே. ஹாலித் ஏற்பாடு பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறான். புதன்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. உன்னை அழைக்க நானும் பிச்சமுத்துவும் ஏர்போர்ட்டுக்கு வருவோம். அவரும் வர வேண்டும் என்கிறார். நாம் வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே புத்தூருக்குப் போவோம். பேச ஒன்றும் தயார் பண்ணிக்கொண்டு வர வேண்டாம். ரெங்கராஜ் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது. நான் அறைக்கு வெளியே நின்றுகொள்கிறேன்.

நீ ஏறி வருகிற விமானத்திலும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை கை வைத்து வேலை பார்த்திருப்பான். அவன் வீட்டிலும் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கலாம், பாதி வேலையில் அவனுக்கும் போன் வந்திருக்கலாம். அவன் பெயர் எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஜும்ஆவில் கையேந்தியபோது உனக்குக் கேட்டதையெல்லாம் அவனுக்கும் சேர்த்துக் கேட்டேன். அல்லாஹ் அவன் கையையும் பார்த்துக்கொள்ளட்டும், உன்னைப் பத்திரமாகத் தரை இறக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்து நிற்கும் அத்தா,
நசுருதீன்